கருவிக்குத் தரம் உண்டு, பொருத்துவதற்கு?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டி, அதில் ஊர் ஊராகப் பறக்கலாம். கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே பெரும்பகுதி வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. இந்தச் சுதந்திரத்தால் கிடைத்த நன்மை பெரிது. வீட்டில் கட்டிய விமானங்களில் பறந்து தேறிய டைனான் டி-10ஏ என்ற மலிவான மின்னணுத் திரையை, 2016-ல் ஆலையில் தயாரான விமானங்கள் சிலவற்றிலும் பொருத்த அனுமதி கிடைத்தது.

விமானத்தில் இருக்க வேண்டிய கருவிகளுக்கான விதிகளும் இதே தாராளத்தில் எழுந்தவை. பகலில், தெளிந்த வானில் பறப்பவருக்குக் கெடுபிடி குறைவு. இரவிலோ மேகத்துக்குள்ளோ பறப்பதென்றால் சட்டம் பட்டியலிடும் கருவிகள் விமானத்தில் இருக்க வேண்டும். மேகத்துக்குள் வழி காண கையடக்க ஜி.பி.எஸ். ஏற்கப்படாது. ரேடாருக்குப் பதில் அலை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 2020 ஜனவரி முதல், நெரிசலான வான்பரப்புகளில் தன் இருப்பிடத்தை வானலையில் அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. கருவியும் கட்டாயம்.

இவ்வளவு இருந்தும் ஓர் ஓட்டை இருக்கிறது. விதிகள் கருவியின் தரத்தைக் கேட்கும் அளவுக்கு, அதைப் பொருத்திய விதத்தைக் கேட்பதில்லை. ஜி.பி.எஸ். அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். விமானி 131.275-ல் பேசினால், அந்த வானொலியின் பன்னிரண்டாம் மடங்கு அலை ஏறத்தாழ அதே இடத்தில் வந்து விழும். இரண்டு ஆன்டெனாக்களும் நெருங்கியிருந்தால், பேசும் நேரம் பார்த்து ஜி.பி.எஸ். தடுமாறக்கூடும். கார்பன் இழை உடலுக்குள் ஆன்டெனாவை ஒளித்து வைத்தால் செயற்கைக்கோள் அலையே எட்டாது. திசை காட்டும் காந்த உணரி அருகே எஃகு போல்ட்டோ மின்கம்பியோ இருந்தால் திசை பிசகும். எந்தெந்த அலைவரிசைகளில் பேசிப் பார்க்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. ஆனால் அது அறிவுரை மட்டுமே.

பொருத்தும் இடம் உயிர்ப் பிரச்சினை என்பதற்குச் சான்று உண்டு. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய லாங்-இஇசட் விமானத்தில் சென்று மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். கட்டியவர் எரிபொருள் வால்வின் கைப்பிடியை, குறியீடு எதுவுமின்றி, கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் வைத்ததும் ஒரு காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. அங்கே எரிபொருள், நாளை அது ஜி.பி.எஸ். ஆக இருக்கலாம்.

கெடுபிடி கூடினால் செலவு கூடும், ஆர்வலர்கள் விலகுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. எனவே விலையுயர்ந்த சான்றிதழ் வேண்டாம். புதிய விமானம் எப்படியும் சோதனைப் பறத்தலை முடித்தாக வேண்டும். வழக்கமாக அது 25 அல்லது 40 மணி நேரம். அந்த நேரத்திலேயே வானொலி, ஜி.பி.எஸ்., திசை உணரி மூன்றையும் சேர்த்து இயக்கிப் பார்த்து, முடிவைப் பதிவேட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்கினால் போதும். அந்தப் பதிவு இல்லாத விமானத்தை எஃப்.ஏ.ஏ. மேகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது.