பைத்தியக்காரத் தபால்காரரா?

வில்லியம் மூரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘கொஞ்சம் மனநிலை சரியில்லாதவர்’ என்று ஒரு வரி போட்டால் போதும், சோலி முடிந்தது. செத்தவர் வாயையும் அடைத்தாயிற்று, கொன்றவன் கையையும் கழுவிவிட்டாயிற்று. அந்த ஒற்றை வரியோடுதான் நமக்குத் தகராறு.

யார் இந்த மூர்? 1927இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் பிறந்த வெள்ளையர். சிறுவயதில் சிலகாலம் மிசிசிப்பியில் வளர்ந்தவர். அமெரிக்க மரைன் படையில் சிப்பாயாக இருந்துவிட்டுப் படிக்கப் போனவர். 1950களின் தொடக்கத்தில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்து அதை ஒளிக்கவில்லை. 1955இல் புத்தகமாகவே போட்டார். பிறகு பால்டிமோரில் தபால்காரர். ‘கோர்’ என்னும் இனச் சமத்துவ அமைப்பின் உறுப்பினர்.

அவர் செய்தது இதுதான். கடிதம் எழுதினார், அதைத் தானே நடந்து கொண்டுபோனார். மேரிலாந்தின் தலைநகருக்கு ஒருமுறை. வெள்ளை மாளிகைக்கு ஒருமுறை. மூன்றாவது கடிதம் மிசிசிப்பி ஆளுநர் ராஸ் பார்னெட்டுக்கு. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாமல் வாசலை மறித்து நின்ற அதே பார்னெட். அந்த மெரிடித்தும் விமானப்படையில் ஒன்பது வருடம் உழைத்தவர்தான். நாட்டுக்காகச் சாகலாம், வகுப்பறையில் உட்காரக் கூடாது! என்னய்யா நியாயம் இது?

1963 ஏப்ரல் 21ஆம் தேதி டென்னசியின் சட்டனூகாவிலிருந்து மூர் நடக்கத் தொடங்கினார். ஜாக்சன் நகரம் சுமார் 400 மைல். விடுப்பு போட்டுவிட்டு வந்த மனுசன். முன்னும் பின்னும் தட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார். எல்லாருக்கும் சம உரிமை வேண்டும் என்றது ஒன்று. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கடையில் சாப்பிட வேண்டும் என்றது இன்னொன்று. மூன்றாம் நாள், ஏப்ரல் 23, அலபாமாவின் அட்டாலா அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் தலையில் சுடப்பட்டுக் கிடந்தார். வயது 35. கடிதம் அவரிடமே இருந்தது. இனச் சமத்துவம் கிடைக்காதவரை வெள்ளையரும் விடுதலை பெற்றவர் அல்லர் என்பதே அதன் சாரம்.

அன்று பகலில் அவரோடு வாக்குவாதம் செய்த ஒரு கடைக்காரரின் துப்பாக்கிவரை விசாரணை போனது. ஆனால் கிராண்ட் ஜூரி குற்றம்சாட்ட மறுத்துவிட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை. இப்போது சொல்லுங்கள், பைத்தியம் யாருக்கு? கடிதம் கொண்டுபோனவருக்கா? சுட்டவனுக்கா? கண்ணை மூடிக்கொண்ட ஜூரிக்கா? கல்லூரி வாசலை மறித்த ஆளுநருக்கு ஒரு மருத்துவரும் சான்றிதழ் எழுதவில்லையே. வெறி பெரும்பான்மையாக இருக்கும்போது அதற்குப் பெயர் ஒழுங்கு. அதை மறுக்கிற ஒற்றை ஆளுக்குப் பெயர் பைத்தியம்.

இன்னொரு தரப்போடும் சண்டை போட்டாக வேண்டும். மூரை வெள்ளை இனத்தின் பாவத்தைக் கழுவ வந்த புனிதராக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாளே குடியரசுத் தலைவர் கென்னடி இந்தக் கொலையைக் கண்டித்தார். சரி. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியின் புரூக்ஹேவன் நீதிமன்ற வளாகத்தில், பட்டப்பகலில், லாமர் ஸ்மித் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் உலகப்போரில் பணியாற்றியவர். கறுப்பர்களை ஓட்டுப்போட அழைத்தது அவர் குற்றம். 1946இல் ஐசக் உட்வர்ட் இராணுவச் சீருடையோடு வீடு திரும்பும்போதே போலீஸ் அடித்து இரண்டு கண்ணையும் குருடாக்கியது. அதிகாரியை விடுவித்தது முழுக்க வெள்ளையரே இருந்த ஜூரி. மூர் செத்து ஏழே வாரத்தில், ஜூன் 12இல், மெட்கர் எவர்ஸ் ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் சாய்க்கப்பட்டார். அவரும் போர்வீரர்தான். கொலைகாரனைத் தண்டிக்க 1994வரை ஆனது. இவர்கள் வரிசையில் மூரை நிறுத்துங்கள், அவர்களுக்கு மேலே ஏற்றாதீர்கள்.

அப்புறம் எதற்காக அவரை நினைக்க வேண்டும்? ஒரே காரணம். அவர் கறுப்பர் தெருவுக்குப் போய் விடுதலையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே போனார்; தன் நிறத்து மனிதர்களிடம், அவர்கள் ஊர் வழியே, அவர்கள் கடை வாசலிலேயே நின்று வாதாடினார். ஒடுக்கப்பட்டவரோடு நிற்கிறேன் என்பவர்களில் எத்தனை பேர் தன் வீட்டுக் கூடத்தில், தன் சொந்தக்காரர் மத்தியில் அதைச் சொல்கிறார்கள்? மேடையில் கைத்தட்டல் கிடைக்கும். சொந்தக்காரரிடம் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்கு மூர் சாட்சி.

அவர் சாவோடு நடை நிற்கவுமில்லை. அடுத்த மாதமே கறுப்பரும் வெள்ளையருமாகப் பத்து இளைஞர்கள் அதே பாதையில் கிளம்பினார்கள். அலபாமா எல்லையில் கைது. சிறை என்று தெரிந்துதான் போனார்கள். அந்தப் பத்துப் பேரையும் சேர்த்துத்தான் பைத்தியம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.