தூக்க மாத்திரைக்குச் சீட்டு எங்கே?

வேப்பூர் கூட்டு ரோடு. சென்னை–திருச்சி பஸ்களும் விருத்தாசலம்–சேலம் பஸ்களும் சந்திக்கிற இடம். வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தைக் கூட்டம் வேறு! பஸ் வர அஞ்சு நிமிஷம் இருந்தால் ஒரு டீ, அப்படியே மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. ஜனங்களின் வழக்கம் இது.

தலைவலி மாத்திரை என்றால் போகட்டும். "அண்ணே, தூக்கமே வரலே, பத்து மாத்திரை குடுங்க" என்றால்?

கொடுக்கக் கூடாது! டாக்டர் சீட்டு வேண்டும். பழைய சீட்டும் ஆகாது. திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. 1945-ம் வருஷத்து விதி இது.

2014 மார்ச் 1 முதல் கெடுபிடி கூடியது. அல்பிரசோலம், டயசெபம் உள்ளிட்ட 46 மருந்துகள் 'எச் 1' பட்டியலில் ஏறின. அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். டாக்டர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். வலி மாத்திரையான டிரமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. விளையாட்டல்ல, ஜெயில் சமாசாரம்!

கடைக்காரர் பாடும் கஷ்டம்தான். தெரிந்தவர் கேட்கிறார், மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார். ஆகவே எல்லாக் கடையும் சேர்ந்து மறுக்க வேண்டும். அதிகாரிகளும் கல்லாப்பெட்டியைப் பார்க்காமல் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும்!

கெடுபிடி காட்டக் கூடாத இடமும் ஒன்று உண்டு. புற்றுநோய் முற்றி, ராத்திரி பூரா துடிக்கிறவருக்கு மார்பின்தான் கதி. 1985-ல் போதைப் பொருள் சட்டம் வந்ததும், தண்டனைக்கும் லைசென்ஸ் அலைச்சலுக்கும் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே விட்டன. 1997-ல் நாடு முழுவதும் செலவானது வெறும் 18 கிலோ! அபின் பயிராகிற நாட்டில்தான் இந்தக் கூத்து.

2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பல இலாகா ஏறி இறங்க வேண்டாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் கிராமத்தில் நோயாளியைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மகனுக்கு அது எப்படித் தெரியும்? அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி எது, எந்தக் கிழமை போகலாம் என்று வேப்பூர் பஸ் நிறுத்தத்திலும் விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு போர்டு வைத்தால் என்ன? பெயிண்ட் செலவுதானே!