தாய்லாந்து போகும் பிள்ளைகளுக்கு



ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், கடன் வாங்கி மனைவியோடு தாய்லாந்து போய்வந்தான். "அலைச் சத்தத்தைவிட பாட்டுச் சத்தம்தான் சார் அதிகம். ராத்திரி தூக்கமே இல்லை" என்றான். ஷிப்டு மாறி மாறி இரைச்சலில் நிற்பவனுக்கு, காசு கொடுத்துப் போன இடத்திலும் இரைச்சலா?

அமைதிக்கு அதிகப் பணம் தேவையில்லை, விசாரித்துப் போனால் போதும் என்பது என் கருத்து. விமான நிலையம் உள்ள புக்கெட், சமுய் தீவுகளில்தான் கூட்டமும் வாடகையும் அதிகம். ரனோங்கிலிருந்து படகில் போகும் கோ பயாம், கிராபி பக்கத்துக் கோ ஜும் போன்ற சிறு தீவுகளில் கடலோரமாக எளிய குடில்கள் உண்டு.

காலமும் முக்கியம். இந்த மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் வாடகை உச்சம். பிப்ரவரி, மார்ச்சில் லீவு கேளுங்கள்.

அதே கரையில், தக்குவா பா என்ற ஊரில், மணிக்கிராம வணிகர்களைக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அன்று நம் ஆட்கள் காற்றுக் காலம் பார்த்துத்தான் கப்பல் ஏறினார்கள். நீங்கள் ஆஃபரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். கடன் வாங்கியும் போகாதீர்கள்.

நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள்.