ஆளில்லாத ஸ்டேஷன்

ரயில்வே ஸ்டேஷன் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் இருக்க வேண்டும். டிக்கட் ஜன்னல், பச்சைக் கொடி, போர்ட்டர், மணி எல்லாம் இருக்க வேண்டும் என்பது நாம் சிறு வயது முதல் கொண்டிருக்கும் எண்ணம். ஜப்பான் தேசத்தில் இந்த எண்ணத்தை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். அங்குள்ள ஸ்டேஷன்களில் ஏறத்தாழப் பாதியில் ஆள் கிடையாது. அவற்றை "முஜின் எகி" என்கிறார்கள். மனிதர் இல்லாத நிலையம் என்று பொருள்.

மனிதர் இல்லாவிட்டால் ஒழுங்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கிராமப் பாதைகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி வண்டி ஒன்று வந்து நிற்கிறது. பிரயாணி பின்கதவு வழியாக ஏறி, அங்குள்ள யந்திரத்திலிருந்து எண் அச்சிட்ட சிறு சீட்டை எடுத்துக் கொள்கிறார். வண்டியின் முன்புறத்துப் பலகையில் அந்த எண்ணுக்கு நேராகக் கட்டணம் தெரிகிறது. வண்டி செல்லச் செல்ல அதுவும் ஏறுகிறது. இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் சீட்டையும் காசையும் போட்டுவிட்டு முன்கதவால் இறங்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவரே கார்டு. அவரே டிக்கட் கலெக்டர். மூன்று உத்தியோகங்களும் ஒரே தொப்பிக்குள் அடக்கம்!

இத்தகைய ஸ்டேஷன்களில் ஒன்று உலகப் பிரசித்தி அடைந்தது. வடக்கே ஹொக்கைடோ தீவில், பனி மூடிய மலைப் பிரதேசத்தில், கியூ-ஷிராதாகி என்று ஒரு சிறு ஸ்டேஷன் இருந்தது. 1947-இல் தற்காலிக நிறுத்தமாக ஏற்பட்டது அது. 2016 ஜனவரியில் அதைப் பற்றி ஒரு கதை தேசம் தேசமாகப் பரவிற்று. ஸ்டேஷனை மூடிவிட ரயில்வேக் கம்பெனி தீர்மானித்ததாம். ஒரே ஒரு மாணவி அங்கிருந்து பள்ளிக்கூடம் போவதைக் கண்டு மனம் இளகிற்றாம். அவள் படித்து முடிக்கும் வரையில் அவளுக்காகவே வண்டியை நிறுத்தி வந்ததாம். கேட்டவர்கள் கண்ணீர் உகுத்தார்கள். பலர் ஸ்டேஷனின் பெயரைக் கூடத் தவறாகப் பக்கத்து ஸ்டேஷனின் பெயராக எழுதினார்கள்.

உண்மை வேறு. மாணவி இருந்தது வாஸ்தவம். காலை வண்டியில் அவள் பள்ளிக்கூடம் சென்றதும் வாஸ்தவம். ஆனால் அது அவளுக்காக ஓடிய வண்டி அல்ல. மற்ற மாணவர்களும் அதே வண்டியில் பிரயாணம் செய்தார்கள். போதிய பிரயாணிகள் இல்லை என்பதனாலேயே கம்பெனி ஸ்டேஷனை மூடிற்று. ஜப்பானில் கல்வி வருஷம் மார்ச்சில் முடிகிறது. ரயில் கால அட்டவணையும் மார்ச்சிலேயே மாறுகிறது. 2016 மார்ச் 26-ஆம் தேதி புது அட்டவணை வந்தபோது கியூ-ஷிராதாகியும், அதன் அண்டையிலிருந்த இரண்டு ஸ்டேஷன்களும் ஒருங்கே மறைந்தன. காமிகாவா என்ற ஊருக்கும் ஷிராதாகிக்கும் இடையே இப்போது 37 கிலோமீட்டர் தூரத்துக்கு ஸ்டேஷனே கிடையாது.

அதே வருஷம் நவம்பரில் அக் கம்பெனி தன் கணக்கை வெளியிட்டது. தன்னிடமுள்ள பாதைகளில் 1,237 கிலோமீட்டரை, அதாவது ஏறக்குறையப் பாதியை, தனியாகப் பராமரிக்கத் தன்னால் இயலாது என்று கையை விரித்தது. கம்பெனியைக் குறை கூறிப் பயனில்லை. 1987-இல் சர்க்கார் ரயில்வேயைத் துண்டு போட்டபோது டோக்கியோவின் ஜன சமுத்திரம் ஒருவர் பங்குக்குப் போயிற்று. ஹொக்கைடோவின் பனியும் வெற்றிடமும் இவர்கள் பங்குக்கு வந்தன.

இதே தீவின் தென்புறத்தில் கொபோரோ என்று இன்னொரு ஸ்டேஷன் உண்டு. இரண்டு சுரங்கப் பாதைகளுக்கு நடுவே, கடலை நோக்கிய மலைச் சரிவில் இருக்கிறது. அதற்குச் சாலை கிடையாது. சுற்றிலும் குடியிருப்பும் கிடையாது. 2015-இல் அதையும் மூடக் கம்பெனி எண்ணிற்று. ஆனால் தொயோஉரா என்னும் சிற்றூரின் ஸ்தல ஸ்தாபனம், இத்தகைய விசித்திரத்தைப் பார்க்க வருகிறவர்களால் ஊருக்குப் பெயர் உண்டு என்று கருதி, 2016 முதல் பராமரிப்புச் செலவை ஏற்றுக் கொண்டது. ஸ்டேஷன் பிழைத்தது.

குழந்தை ஏறி வந்த ஸ்டேஷன் போயிற்று. குடியிருப்பே இல்லாத ஸ்டேஷன் நின்றது! ஒன்றுக்குக் கண்ணீர் சிந்த உலகமே இருந்தது. மற்றொன்றுக்குப் பணம் கொடுக்க ஒரு சிற்றூர் இருந்தது.

உபாத்தியாயத் தொழில் செய்யும் நமக்கு அந்தக் கட்டுக்கதை பிடிக்கவில்லை என்றால் வாசகர்கள் நம்மைக் கல்நெஞ்சர் என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி ஒரு குழந்தைக்கு எவரும் மனமிரங்கி அளிக்கும் பிச்சையாக இருக்கலாகாது. மனமிரக்கம் ஒரு மாணவி தேறியதும் முடிந்துவிடும். அடுத்த வீட்டில் பிறக்கப் போகும் குழந்தையை அதற்குத் தெரியாது. செலவுக் கணக்கில் எழுதப்பட்ட கடமையோ அப்படியல்ல. அது ஒருவருக்கென்று இல்லாமல், யார் வந்தாலும் கதவைத் திறக்கும். ஸ்டேஷனில் ஆள் இல்லாமல் போகலாம். அதன் செலவைத் தன் செலவென்று கருதும் ஆள் எங்கேனும் இருக்க வேண்டும்.