“மார்க்கெட் விழுந்தாலும் லாபமாமே மேடம்?”

சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையை ஒட்டி வீடு. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை.

“மேடம், மார்க்கெட் விழுந்தா லாபம் தர்ற ஃபண்ட் ஒண்ணு இருக்காமே? அதுவும் மூணு மடங்கு! எங்க வீட்டுக்காரர் ஒரு மாசமா அதே பேச்சுதான். ஆப்ஷன்ல விட்டதை இதுல எடுத்துடுவாராம். சீட்டு எடுத்த ரெண்டு லட்சம் பேங்க்ல இருக்கு. ஜூன்ல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். எனக்கு வயித்தைக் கலக்குது.”

அவர் சொல்வது ‘லெவரேஜ்டு இன்வர்ஸ் இ.டி.எஃப்’ என்கிற சரக்கு. இ.டி.எஃப். என்றால், ஒரு பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். சாதாரண இ.டி.எஃப். குறியீட்டோடு சேர்ந்து ஏறும், இறங்கும். இன்வர்ஸ் என்றால் தலைகீழ்: குறியீடு இறங்கினால் இது ஏறும். அதோடு மூன்று மடங்கும் சேர்ந்தால், குறியீடு ஒரு நாளில் 1% இறங்கினால் இது சுமார் 3% ஏறும். குறியீடு 1% ஏறினால்? இது 3% இறங்கும். இந்தப் பாதியை மட்டும் யாரும் வீடியோவில் உரக்கச் சொல்வதில்லை.

நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டுகளில் இப்படி ஒன்று கிடையாது. அமெரிக்காவில் உண்டு. நாஸ்டாக் 100 குறியீட்டுக்கு எதிராக மூன்று மடங்கு போகும் எஸ்.க்யூ.க்யூ.க்யூ. 2010-லிருந்தே இருக்கிறது. அதை இங்கிருந்து வாங்க, ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ரூபாயை டாலராக்கி அனுப்ப வேண்டும். மாற்றும்போது கமிஷன், திரும்பக் கொண்டுவரும்போது மறுபடி கமிஷன். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று தனியாகக் காட்டவும் வேண்டும். அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்கும், குளிர்காலத்தில் 8 மணிக்கும்தான் திறக்கும். பகலெல்லாம் லேத் முன்னால் நின்றுவிட்டு, நள்ளிரவு தாண்டி மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள் காலை ஷிஃப்ட்டில் விரல் பத்திரம் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

அவரிடம் சொன்ன கணக்கு இதுதான். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? தேர்தல் முடிவு வந்த வாரம். மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530-ல் முடிந்தது. கருத்துக்கணிப்பு உற்சாகத்தில் திங்கட்கிழமை 3.25% ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. கிட்டத்தட்ட 6% விழுந்தது. புதன்கிழமை மறுபடி 3.4% ஏறி 22,620-க்கு வந்தது. மூன்று நாள் ஆட்டத்துக்குப் பிறகு மொத்த மாற்றம் வெறும் 0.4% ஏற்றம்.

நிஃப்டிக்கு எதிராக மூன்று மடங்கு போகும் ஃபண்ட் ஒன்று இருந்து, நீங்கள் வெள்ளிக்கிழமை அதில் 1 லட்சம் போட்டிருந்தால்? செலவெல்லாம் போக வேண்டாம், வெறும் கணக்கு மட்டும். திங்கள் மாலை சுமார் 90,200. செவ்வாய் மாலை 1,06,300. அடடா என்றிருக்கும். புதன் மாலை 95,600. நிஃப்டி 0.4% ஏறியதற்கு மூன்று மடங்கு நஷ்டம் என்றால் 1,200 ரூபாய்தான் போயிருக்க வேண்டும். போனது 4,400.

யாரும் திருடவில்லை. ‘மூன்று மடங்கு’ என்ற வாக்கு அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான். ஒவ்வொரு நாள் மாலையும் ஃபண்ட் தன் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். பெரிய வீழ்ச்சி வந்த செவ்வாயன்று கையில் இருந்தது 90,000, அதற்குத்தான் லாபம். ஏற்றம் வந்த புதனன்று கையில் இருந்தது 1,06,000, அதற்கு நஷ்டம். சந்தை இப்படி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால், எங்கும் போகாமலேயே பணம் கரையும். அதனால்தான் அமெரிக்கப் புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு 2009-லேயே, ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கு இவை பொதுவாகப் பொருந்தாது என்று எச்சரித்தது.

“அவர் அன்னன்னைக்கே வித்துடுவேன்னுதான் மேடம் சொல்றார்” என்றார் வாசகி.

நியாயமான பதில். அன்றே வாங்கி அன்றே விற்பவரை இந்தக் கரைசல் தொடாது. ஆனால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ விற்கும் அம்மாவைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு முழம் பாதி விலைக்கு வந்துவிடும். வாடிய பூவை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார். மொபைலில் வாங்கியவருக்கு அந்த மனசு வருவதில்லை. 4% நஷ்டத்தில் இருக்கும்போது ‘நாளைக்கு ஏறிடும்’ என்று தோன்றும். ஒரு நாள் சரக்கு இரண்டாம் நாளைக்குப் போவது இப்படித்தான்.

அன்றே விற்றாலும் லாபம் நிச்சயமா? நம் ஊர் கணக்கே இருக்கிறது. 2022-23-ல் பங்குகளில் டே டிரேடிங் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்றது செபி. வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் 80% பேர் நஷ்டக்காரர்கள். கை பழகினால் லாபம் வரும் என்பார்களே, அது இங்கே நேர்மாறாக இருக்கிறது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இன்னும் மோசம்: 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் 93% தனிநபர்களுக்கு நஷ்டம், தலைக்குச் சராசரியாக 2 லட்சம். அதே சீட்டுப் பணம் அளவு!

அதற்காக இந்தச் சரக்கு யாருக்குமே உதவாது என்று சொல்ல மாட்டேன். கையில் பெரிய பங்குத் தொகுப்பு வைத்திருப்பவர், ஒரு பயமான நாளுக்கு மட்டும் குடை மாதிரி பிடிக்கலாம். ஜூனில் கட்ட வேண்டிய ஃபீஸை அந்தக் குடைக்கு விலையாகக் கொடுக்க முடியாது.

“வேண்டாம்னு சொன்னா சண்டைதான் வரும். உங்க பொண்ணு பேர்லயே ரெண்டு லட்சத்தையும் ஜூன் வரைக்கும் எஃப்.டி.ல போடுங்க. அவரை ஒரு நோட்டுல எழுதி விளையாடச் சொல்லுங்க. வாங்கின விலை, வித்த விலை, நேரம், எல்லாம். பணம் மட்டும் போடக் கூடாது” என்றேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போன். குரலில் சிரிப்பு.

“பத்து நாள் எழுதினார் மேடம். ஆறு நாள் நஷ்டம். நாலாவது நாள் பக்கத்துல என்ன எழுதியிருக்கார் தெரியுமா? ‘இன்னைக்கு விக்கலை, நாளைக்குப் பார்க்கலாம்’னு. நோட்டுல கூட அவரால விக்க முடியலை!”