தீவை ஒரே மூச்சிற் சுற்றலாமா?

விடுமுறை நெருங்கியதும் இலங்கைப் படத்தை மேசைமேல் விரித்து, கரையோரமாக விரலை ஒரு சுற்றுச் சுற்றி, "ஐந்து நாளில் முழுத் தீவையும் பார்த்துவிடலாம்" என்று முடிவு கட்டும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே பலர். படமும் அவர்களுக்கு உடந்தையாகிறது. வடக்குத் தெற்காக 432 கிலோமீற்றர், கிழக்கு மேற்காக 224 கிலோமீற்றர். இதிலே என்ன பெருந்தூரம் என்று தோன்றும். ஆயின் குழந்தைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு, தேநீருக்கும் சோற்றுக்கும் நின்று நின்று செல்லும் வாடகை வான், நம் மலைவீதிகளில் மணிக்கு முப்பது கிலோமீற்றர் ஓடினால் அதுவே பெரிது. ஆகவே தீவைக் கிலோமீற்றரால் அளக்காது மணியால் அளத்தல் வேண்டும். அப்படி அளந்தால் ஐந்து நாள் பத்தாகிவிடும்.

பத்து நாள் கிடைத்தாலும் காற்று இடங்கொடாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, குருவிட்ட, இரத்தினபுரிப் பக்கங்களில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்ததும் ஈரமிழந்து வறண்டுபோகிறது. கிழக்கே அதைக் கச்சான் என்பர். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்று கிழக்கையும் வடக்கையும் நனைக்க, தென்மேற்குக் கரை வெயில் காய்கிறது. ஓராண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை, விடுதி அறைக்குள்ளிருந்து மழை பார்ப்பதற்கா செலவிடுவது? ஆகஸ்ட் விடுமுறையிற் கிழக்கும் வடக்கும், டிசெம்பரில் மேற்கும் தெற்கும் என இரு பயணமாக வகுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

ஆகஸ்ட் பயணத்துக்குச் சபரகமுவையில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. நம் வாசலிற் செல்லும் ஏ4 வீதி, கொழும்பிற் புறப்பட்டு அவிசாவளை, குருவிட்ட, இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் ஒரே வீதியாகக் கிடக்கிறது. விடியுமுன் புறப்பட்டால் பலாங்கொடையிற் காலையுணவு கொள்ளலாம். ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலையிலிருந்து கிழக்கே இறங்கும்போது, மேற்கே விட்டுவந்த முகில் மெல்ல மெல்லக் கலைவதைக் காணலாம். பருவக்காற்றைப் பற்றி வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட இந்த ஒரு மணிநேரம் மாணவருக்கு நன்கு விளக்கிவிடும். கொஸ்லாந்தையருகே 220 மீற்றர் உயரமான தியலும அருவி வீதியிலிருந்தே தெரியும். அக்காலத்தில் அது மெலிந்திருக்கக் கூடும்.

கொஸ்லாந்தை அருவியால் மட்டும் அறியப்பட்ட ஊரன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட்காலை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது இங்கேதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மலைநாட்டிற் பெருஞ்சேதம் விளைத்தது. எந்த மாதமாயினும் மலைவீதியில் ஏறுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிவது அவசியம். வான் சாரதி "ஒன்றும் ஆகாது, சேர்" என்று சொல்லுவார். கேட்காதீர்கள்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோர வீதியிலே முன்னர் களப்புகள் குறுக்கிட்டன. ஊரார் 'பாதை' என்னும் மிதவையிலே வண்டியை ஏற்றி அக்கரை சேரக் காத்திருக்க நேரும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தத் தாமதம் நீங்கியது. என் மாணவர் பலருக்குத் திருகோணமலை என்பது புவியியல் நூலிலுள்ள ஓர் இயற்கைத் துறைமுகம், அவ்வளவே. கோணேசர் மலை உச்சியில் நின்று அத்துறைமுகத்தை அவர்கள் ஒருமுறை பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒன்று மட்டும்: நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் தங்குமிடம் அரிது. முன்கூட்டியே ஒழுங்கு செய்யாதவர் கீரிமலைக் கேணியில் நீராடிவிட்டு வானிலேயே உறங்க வேண்டியதுதான்.

திரும்பும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலோர் வந்த களைப்பிலே ஏ9 வீதியால் நேரே இறங்கிவிடுவர். அப்படிச் செய்யாது, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி சென்று மன்னாரை அடையுங்கள். திருக்கேதீச்சரத்தை வணங்கி, அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகத் தெற்கே வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் முன்னோரிற் பலர் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடாக மாத்தளைக்கு நடந்த திசை இது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் மிகப் பலர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் புகைவண்டியோடு இணைந்த கப்பற்சேவை ஏற்பட்டபின்னர் அந்நடை பழங்கதையாயிற்று. அச்சேவையும் 1964இன் புயலோடு முடிந்தது. மன்னாரிலிருந்து மதவாச்சி வரையுள்ள ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீற்றர் தூரத்தை இன்று வான் மூன்று மணியில் ஓடிவிடும். அந்த மூன்று மணியும் கைப்பேசிகளை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, பாட்டியார் இருந்தால் அவரைப் பேசவிடுங்கள். தோட்டத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை நம் வீடுகளில் அவரன்றி அறிந்தவர் இப்போது எவர்?

டிசெம்பர்ப் பயணம் சுருக்கமானது. சிலாபத்தருகே முன்னேச்சரம், பின் கொழும்பு, அதிவேக வீதியாற் காலி, மாத்தறை. தெய்வேந்திரமுனையில், 1588இல் போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் எச்சமாகச் சில கற்களையே காணலாம். அங்கிருந்து கரையோரமாக நோனாகமைக்கு வந்தால், ஏ18 வீதி எம்பிலிப்பிட்டியா ஊடாகப் பெல்மதுளைக்கு ஏறும். ஆகஸ்டிலே கிழக்கு நோக்கி நேரே கடந்துபோன சந்தி அது. இம்முறை இடப்புறம் திரும்பினால் இரத்தினபுரி. இருட்டுமுன் குருவிட்ட வந்து சேரலாம்.