கருணையல்ல, கடமை!

தேசியப் பாதுகாப்பு அகாதெமி உள்ளிட்ட ராணுவப் பயிற்சி மையங்களில் படுகாயமடைந்து, அதன் காரணமாகவே வெளியேற்றப்பட்ட இளைஞர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 1985 முதல் இவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 500 பேர் என்கிற தகவல் அப்போது வெளிவந்தது. அதிகாரியாகப் பதவியேற்கும் முன்பே காயமடைந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு "முன்னாள் ராணுவத்தினர்' என்கிற தகுதி இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம், ஊனத்தின் அளவுக்கேற்ப மாதம் அதிகபட்சம் ரூ.40,000 வரையிலான கருணைத் தொகை மட்டுமே. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்களையும் சேர்க்க மத்திய அரசு முன்வந்தது.

உயிரைக் காப்பாற்றியதோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று கருதும் மனப்போக்கின் விளைவு இது. இந்த மனப்போக்கு தவறானது என்பதை 80 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அகதி மருத்துவர் நிரூபித்துவிட்டார். ஜெர்மனியில் யூதர் என்பதால் நாஜிகளின் ஒடுக்குமுறைக்கு ஆளாகி, 1939-இல் பிரிட்டனில் தஞ்சம் புகுந்தவர் டாக்டர் லுட்விக் குட்மன். போரில் தண்டுவடம் முறிந்த வீரர்களுக்காக ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தொடங்கப்பட்ட பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தகையோர் அதிக நாள் வாழமாட்டார்கள் என்பதே அன்றைய மருத்துவ உலகின் பொதுவான நம்பிக்கை. வெளியிலிருந்து வந்த குட்மன் அதை ஏற்க மறுத்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார், கைத்தொழில் பயிற்சி அளித்தார், விளையாட வைத்தார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேருடன் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான், பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

அந்த மரபின் பலனை இந்தியாவும் அனுபவித்திருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டு முதுகுத் தண்டில் காயமடைந்த ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. குட்மனைத் துரத்திய ஜெர்மன் மண்ணிலேயே அது நிகழ்ந்தது. ஆனால், பேட்கருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்க நமக்கு 2018 வரை அவகாசம் தேவைப்பட்டது.

நம்மிடம் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. புணேயில் செயற்கை உறுப்பு மையம் 1944-இலேயே அமைந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்காக 1974-இல் புணே அருகே கிர்கியிலும், 1978-இல் மொஹாலியிலும் மறுவாழ்வு மையங்கள் தொடங்கப்பட்டன. ஆனால், தெற்கிலும் வடகிழக்கிலும் உள்ள குடும்பங்களுக்கு இவை வெகு தொலைவு. வலியை வெளிக்காட்டாமல் இருக்கப் பழக்கப்பட்டவர் ராணுவ வீரர். தனது விரக்தியையும் அச்சத்தையும் தாய்மொழியில் பேச ஆளில்லாத இடத்தில் அவர் மேலும் மௌனமாகிவிடுவார். மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு மாநிலத்தவராக, வெவ்வேறு பண்பாட்டில் வளர்ந்தவர்களாக இருப்பது நமது ராணுவத்தில் இயல்பு. சிகிச்சைத் திட்டம் இதைக் கணக்கில் கொண்டாக வேண்டும்.

இயலாமை ஓய்வூதியத்தின் கதையும் வேதனையானது. உடல் தகுதியுடன் பணியில் சேர்ந்தவருக்குப் பின்னர் ஏற்படும் பாதிப்பு, பணியால் நேர்ந்ததாகவே கருதப்பட வேண்டும்; இல்லையென நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன் பிறகும் ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் வழக்கத்தை அரசு கைவிடவில்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிவீரர் திட்டத்திலோ, பணியினால் ஏற்படும் ஊனத்தின் அளவுக்கேற்ப ரூ.44 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.15 லட்சம் என ஒருமுறை வழங்கும் தொகை நிர்ணயிக்கப்பட்டது. இருபது வயதில் ஊனமுறும் இளைஞர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடும். அந்த ஆண்டுகளுக்கு ஒரே ஒரு காசோலை எப்படிப் போதும்?

செய்ய வேண்டியவை தெளிவானவை. பயிற்சியில் ஊனமுற்றவர்களுக்கும் ஓய்வூதிய உரிமை வேண்டும். அவர்களால் செய்யக்கூடிய பணிகளை ராணுவத்திலும் பிற அரசுத் துறைகளிலும் ஒதுக்க வேண்டும். மறுவாழ்வு சிகிச்சை, வீரரின் மாநிலத்திலேயே, அவரது மொழியிலேயே கிடைக்க வேண்டும். ஊனமுற்ற வீரர்களை எதிர்த்து நீதிமன்றப் படியேறுவதை அரசு நிறுத்த வேண்டும்.

இறந்த வீரருக்கு மலர்வளையம் வைப்பது ஒரு நாள் வேலை. காயத்துடன் பிழைத்தவரை வாழ வைப்பதோ பல்லாண்டுப் பொறுப்பு. அதற்குக் "கருணைத் தொகை' என்று பெயர் சூட்டுவதே அந்த வீரரை அவமதிப்பதாகும்.